லெந்து படிவத்தில் கையெழுத்துப் போடத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்களுடையது சீர்திருத்த மரபுச் சபை (கால்வின் வழி வந்த புராட்டஸ்டண்ட் சபை). புதிதாக வந்திருக்கும் போதகர், இனி திருச்சபை ஆண்டை (திருநாள்களும் நோன்புக் காலங்களும் அடங்கிய சபை நாள்காட்டியை) முழுவதுமாகக் கடைப்பிடிப்போம் என்று அறிவித்து, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்துக்காக 'நாற்பது நாள் லெந்து உபவாசம்' என்று ஒரு படிவத்தை வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறார். எதைக் கைவிடப்போகிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டுமாம். லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலும் உண்டு. என் அண்ணனோ, "கிறிஸ்துமஸே பாவம்" என்கிறார். மறுத்தால் போதகருக்குக் கீழ்ப்படியாத குற்றமாகுமா?

பதில்: ஆகாது. கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணன் சொல்வதையும் அப்படியே விழுங்கிவிடாதீர்கள்.

சீர்திருத்த மரபில் ஒரு நாளை நினைவுகூருவது வேறு, ஒரு நோன்பை ஆள்மேல் சுமத்துவது வேறு. இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் சூரிக் சீர்திருத்தவாதி புல்லிங்கர் எழுதி 1566இல் வெளியான இரண்டாம் ஹெல்வெத்திய (சுவிஸ்) விசுவாச அறிக்கையின் 24ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ஆண்டவரின் பிறப்பு, விருத்தசேதனம், பாடுகள், உயிர்த்தெழுதல், பரமேறுதல், ஆவியானவரின் வருகை ஆகியவற்றை ஒரு சபை தன் கிறிஸ்தவ சுயாதீனத்தில் நினைவுகூர்ந்தால் நல்லதுதான் என்கிறது. அதே அதிகாரம் லெந்து உபவாசத்துக்கு வரும்போது சுருதி மாறுகிறது: பழைய வழக்கம்தான், ஆனால் அப்போஸ்தலர் எழுத்துகளில் கிடையாது, ஆகவே விசுவாசிகள்மேல் சுமத்தக் கூடாது, சுமத்தவும் முடியாது. உங்கள் படிவத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

அண்ணனின் கட்சிக்கும் வேர் உண்டு. ஸ்காட்லாந்து சபை அதே 1566இல் இந்த அறிக்கையை ஏற்றபோது திருநாள் பகுதியை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. லண்டனில் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் இறையியலாளர் மன்றத்தின் ஆராதனை வழிகாட்டியும் (1645) திருநாள்களுக்கு வேத ஆதாரம் இல்லையென்று அவற்றை நிறுத்திவிட்டது. ஆனால் நெதர்லாந்துச் சீர்திருத்த சபைகளின் டார்ட் மாநாட்டின் சபை ஒழுங்கு (1619) கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே நாள்களை ஆசரிக்கவே சொல்கிறது. "சீர்திருத்தவாதிகள் எல்லாரும் ஒழித்தார்கள்" என்பவரும் சரி, "எல்லாரும் கொண்டாடினார்கள்" என்பவரும் சரி, பாதி மேற்கோளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போதகர் அதைத்தான் எடுத்து நீட்டுவார். மூப்பர் குழு ஒரு பொது உபவாச நாளை அறிவிக்கலாம். திருநாள்களை நிறுத்திய அதே வெஸ்ட்மின்ஸ்டர் வழிகாட்டியில் இதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு காரணம் வேண்டும்: கொள்ளைநோய், போர், சபைக்கு நேர்ந்த ஓர் ஆபத்து. அந்தக் காரணத்துக்காகக் குறித்த நாள், அந்த நாளோடு முடிந்தது. அங்கேகூட உடல் பலவீனத்தால் தாங்க முடியாதவர் கொஞ்சம் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார்கள். லெந்து அப்படி வருவதல்ல. பௌர்ணமிக் கணக்குப்படி ஈஸ்டர் குறிக்கப்பட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஊரில் ஆபத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடந்தோறும் வருவது. "இதுவும் சபை அறிவித்த உபவாசம்தானே" என்றால், "எந்தக் காரணத்துக்காக ஐயா?" என்று கேளுங்கள்.

அடுத்து, அந்தப் படிவம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் போதகர் எழுதியிருக்கமாட்டார். பிரசங்கத் தொடர், தியானப் புத்தகம், வண்ணத் துணி, உறுதிமொழிப் படிவம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சபைகளுக்கு விற்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வியாபாரிகளுக்குத் திருச்சபை ஆண்டும் தெரியாது, சீர்திருத்த மரபும் தெரியாது. சோதித்துப் பாருங்கள்: புத்தகத்தில் சாம்பல் புதன் முதல் நாற்பது நாளும் தொடர்ச்சியாக எண் போட்டிருந்தால், அது ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறோடு முடிந்துவிடும். பாடுகளின் வாரம் வெளியே நிற்கும்! சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள்வரை 46 நாள். அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் நாற்பது. ஞாயிறு உபவாச நாளே அல்ல.

சாம்பலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் போகாமல் இருக்கையிலேயே இருங்கள். பல சபைகள் பயன்படுத்தும் மூன்றாண்டு வேதபாட அட்டவணையில் அன்றைக்கு வாசிக்கும் பகுதி மத்தேயு 6: உபவாசிக்கும்போது முகத்தைக் கழுவு என்பது.

செய்ய வேண்டியது இது. மூப்பர் குழுவுக்கு ஒரே வரியில் எழுத்தில் கேளுங்கள்: "இது அழைப்பா, கட்டளையா?" வாய்ப்பேச்சு வேண்டாம், பிறகு யாரும் சொன்னதாக ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அழைப்பு என்றால் விஷயம் முடிந்தது. கட்டளை என்றால், அல்லது திருவிருந்துக்கோ பொறுப்புக்கோ இதை நிபந்தனையாக்கினால், பல சபைகளுக்கும் பொதுவான மேல்மன்றத்துக்கு முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. மேல்மன்றம் என்ன செய்யும் என்றும் சொல்லிவிடுகிறேன்: ஒரு குழு அமைக்கும். குழு கூடுவதற்குள் ஈஸ்டர் போய்விடும். அறிக்கை வருவதற்குள் அடுத்த சாம்பல் புதன் வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு மனு மூன்று லெந்துகளைக் கண்டது. இருந்தாலும் மனுவைப் போட்டு வையுங்கள், பதிவில் இருக்கட்டும்.

ஞாயிறு ஆராதனைக்கு வழக்கம்போலப் போங்கள். மேசைமேல் லெந்துக்குரிய ஊதாத் துணி விரித்திருந்தால் விரித்திருக்கட்டும். அதற்காக அண்ணனோடு சேர்ந்து சண்டைக்குப் போகாதீர்கள்.