அத்தையின் பிறந்த நாளில் அடுப்படியில் நிற்பது யார்?

கேள்வி: என் மாமியாருக்கு அடுத்த மாதம் 70 வயது நிறைகிறது. ஒவ்வொரு வருடமும் கேக் வாங்கி வெட்டுகிறோம். ஆனால் அத்தைக்குக் கேக் பிடிக்காது. பேத்தி ஊட்டினால் நுனி நாக்கில் தொட்டுக்கொண்டு மிச்சத்தை அவளுக்கே கொடுத்துவிடுவார். முட்டை சேர்க்காத கேக், கிரீம் இல்லாத கேக் எல்லாம் வாங்கிப் பார்த்தாயிற்று. இந்த முறை கேக்குக்குப் பதில் வேறு இனிப்பு வைக்கலாம் என்று இருக்கிறோம். அவருக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். சர்க்கரை நோய் இல்லை, பல்தான் கொஞ்சம் பலவீனம். குழந்தைகளோ வெட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் பலகாரம் எல்லாம் அத்தைதான் செய்வார் என்பதால், அவருக்கு அதிகச் சிரமம் இல்லாத சுலபமான இனிப்பாகச் சொன்னால் நல்லது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்களே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "அத்தைதான் செய்வார் என்பதால்." யாருக்கம்மா பிறந்த நாள்?

பிடிக்காத கேக்கை வாங்கி வைத்த வருடங்களில் அவருக்கு ஒரு லாபமாவது இருந்தது. அந்த ஒரு இனிப்புக்கு மட்டும் அவர் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது அவருக்குப் பிடித்ததைத் தரப்போகிறோம் என்று சொல்லி, அதை அவரையே கிளறவைத்து, அவரையே பரிமாறவைத்து, ராத்திரி அடிப்பிடித்த உருளியையும் அவரையே தேய்க்கவைக்கப் போகிறீர்கள். அதற்குச் சுலபமான செய்முறை வேண்டும் என்று என்னிடம் கேட்கிறீர்கள். நான் தர மாட்டேன்.

இதே கடிதம் எனக்கு வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் அப்பாவுக்குக் கேக் ஆகாது, இன்னொரு வீட்டில் தாத்தாவுக்கு, வேறொரு வீட்டில் கணவருக்கு. எல்லோரும் கேட்பது "என்ன செய்யலாம்?" என்றுதான். "யார் செய்வது?" என்று எவரும் கேட்டதில்லை. அது ஏற்கெனவே முடிவான விஷயம் என்பதுபோல விட்டுவிடுகிறார்கள். நீங்களாவது அதை எழுத்தில் வைத்தீர்கள். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பதிலுக்கு எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "அத்தைக்குச் சமைப்பதுதான் சந்தோஷம், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்." இருக்கலாம். சமையலை விரும்பிச் செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அவர்கள் உட்காராததற்குக் காரணம் வேறு. தான் எழுந்து போகாவிட்டால் அந்த வேலை அப்படியே கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வேலை முடிந்துவிட்டது என்று கண்ணால் பார்த்தால் உட்காருவார்கள். "நீங்க உட்காருங்க அத்தை, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கழித்து "அத்தை, வெல்லம் எந்த டப்பாவில் இருக்கு?" என்று கேட்டால் யார்தான் உட்காருவார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் 60க்குச் சஷ்டியப்தபூர்த்தி, 80க்குச் சதாபிஷேகம் என்று ஊரைக் கூட்டிச் செய்கிறோம். அந்த அறுபதும் எண்பதும் யாருடைய வயது? கணவனுடைய வயது. மனைவி பக்கத்தில் மாலையோடு உட்காருகிறாள். அவளுக்கென்று ஒரு வயதைக் கணக்கிட்டு, அதற்கு ஒரு நாள் குறித்து, வீட்டார் கூடி நின்று செய்யும் வழக்கம் நம்மிடம் இல்லை. உங்கள் அத்தையின் 70 அப்படி ஒரு நாள். அதை நீங்களாக யோசித்து எடுத்துச் செய்கிறீர்களே, அது பெரிய விஷயம். அந்த நாளிலும் அவர் கையில் கரண்டியைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

சரி, உங்களை மட்டும் திட்டினால் அது அநியாயம். நீங்களும் வேலைக்குப் போய்விட்டு வந்து வீட்டையும் பார்க்கிறவர். மருமகள் என்பதற்காக இந்த வேலையையும் உங்கள் தலையில் கட்ட எனக்கு இஷ்டமில்லை. உங்கள் கடிதத்தில் "கணவரும்" என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறாரே, அவரைத்தான் எனக்கு வேண்டும். அவருடைய அம்மா இவர். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவருடைய ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அடுப்பில் பாயசம் கிளறிய கை அது. பெற்றவளுக்கு 70 நிறையும் நாளில் ஒரு இனிப்பைத் தன் கையால் செய்து கொடுப்பது மகனுடைய கடமை. நான் உதவி என்று சொல்லவில்லை, கடமை என்றுதான் சொல்கிறேன். சமைக்கத் தெரியாது என்றால் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, கற்றுக்கொள்ளட்டும்.

என்ன இனிப்பு என்பதையும் அவரே போய் அம்மாவிடம் கேட்கட்டும். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டால் பதில் வராது. "எனக்கு என்னத்துக்குப்பா, பிள்ளைகளுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க" என்பார். கேட்கிற விதம் வேறு. "அம்மாச்சி வீட்டில் விசேஷம்னா என்ன இனிப்பு செய்வாங்க? எப்படிச் செய்வாங்க?" என்று கேட்கட்டும். பேச்சு தானாக வரும். வரும்போது அளவுகளை எழுதிக்கொள்ளட்டும்.

தேவகோட்டைப் பக்கம் என்கிறீர்கள். கவுனி அரிசி என்று அவர் வாயிலிருந்து வருவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. கறுப்பு அரிசி, வேகவைத்தால் கருஞ்சிவப்பாக மாறி ஒட்டிக்கொள்ளும். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்கள் கொண்டுவந்தது என்று செட்டிநாட்டில் சொல்வார்கள். கல்யாண வீடுகளில் இன்றைக்கும் இலையில் விழுகிறது. மெத்தென்று குழைந்து இருக்கும் என்பதால் பல் பலவீனமானவர்களுக்கும் தொந்தரவு இல்லை. அதிரசம், கடலை மிட்டாய் போன்றவற்றை உங்கள் வீட்டுக்கு நான் சொல்லாததற்குப் பல்தான் காரணம்.

கேக் ஏன் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேக்கரி கேக்கின் மேல் பூசும் வெள்ளைக் கிரீம் பல இடங்களில் பாலில் எடுத்தது இல்லை. தாவர எண்ணெய்க் கொழுப்பை நுரைக்க அடித்தது. அது அண்ணத்தில் படிந்து நிற்கும். நெய்யும் தேங்காயும் தின்று வளர்ந்த நாக்குக்கு அது பிடிக்காது. கிரீமை எடுத்துவிட்டாலும் எசன்ஸ் வாசனை போகாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சி வேறு, பலவீனமான பல்லில் சுரீர் என்று இறங்கும். ஆகவே கேக்கிலேயே ரகம் ரகமாக மாற்றிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

இப்போது செய்முறை. இது உங்கள் கணவருக்கு. ஒரு டம்ளர் கவுனி அரிசியை இரண்டு தடவை அலசிவிட்டு, முந்தின ராத்திரியே நான்கு டம்ளர் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காலையில் தண்ணீர் ஊதா நிறமாக இருக்கும். அதைக் கொட்டிவிடக் கூடாது, நிறம் அதில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரோடு குக்கரில் வைத்து ஏழெட்டு விசில் விட்டு, அப்புறம் தீயைக் குறைத்துக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். ஆவி தானாக அடங்கட்டும். திறந்து ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் கடுக்கென்று இருந்தால் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி மறுபடியும் வேகவிட வேண்டும். முதல் தடவை செய்கிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பொறுமையில்லாமல் அரைவேக்காட்டிலேயே சர்க்கரையைப் போட்டுவிடுவார்கள். சர்க்கரை விழுந்த பிறகு அரிசி சரியாக வேகாது, விறைத்துப்போகும்.

நன்றாகக் குழைந்ததும் கரண்டியால் மசித்து, முக்கால் டம்ளர் சர்க்கரை சேர்த்து, சின்னத் தீயில் அடிபிடிக்காமல் கிளற வேண்டும். சர்க்கரை கரைந்து சேர்ந்து வந்ததும் அரை மூடித் தேங்காய்த் துருவல், மூன்று கரண்டி நெய், நாலு ஏலக்காயைத் தட்டிப் போட்டு இறக்கிவிடலாம். இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்க வேண்டும், ஆறினால் இறுகும். பிறந்த நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அரை டம்ளர் போட்டு ஒரு தடவை செய்து பழகிவிடட்டும். அன்றைக்குச் சரியாக வராவிட்டாலும் நீங்கள் நாலு பேர் தின்றுகொள்ளுங்கள்.

பால் பணியாரம் என்று அத்தை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். உளுந்தும் பச்சரிசியும் அரைக்கிற பக்குவம் தப்பினால் உருண்டை கல்லாகிவிடும், பாலில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் ஊறாது. புதுக்கைக்கு அது கஷ்டம். பாசிப்பருப்புப் பாயசம் என்றால் தாராளமாகச் செய்யலாம். கெட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும், அவ்வளவுதான் அதில் கவனம். கொதித்தால் திரிந்துவிடும்.

உங்களுக்கு இல்லை என்றாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வரி. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு "வெல்லம்தானே, கருப்பட்டிதானே" என்று கிண்ணம் நிறையக் கொடுக்காதீர்கள். அவையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

குழந்தைகளுக்கு வெட்ட வேண்டுமாம். வெட்டட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. தேங்காயின் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவி, இரண்டு கப்புக்கு ஒன்றரைக் கப் சர்க்கரை போட்டுப் பாகு வைத்துக் கிளறி, ஓரம் நுரைத்து வரும்போது நெய் தடவிய தட்டில் கொட்டினால் பர்பி. சூடு ஆறுவதற்குள் வில்லை போட்டுவிட வேண்டும். அந்த முதல் கோட்டை ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் போடட்டும். ஆச்சி தின்பதற்கு அவருடைய கிண்ணம் தனியாக இருக்கிறது. மெழுகுவத்தியை ஊதி அணைப்பது மட்டும் வேண்டாம் என்பேன். 70 நிறைந்த ஒருவரின் முன்னால் விளக்கை ஏற்ற வேண்டும், அணைக்கக் கூடாது. இது என் நம்பிக்கை. உங்கள் வீட்டுக்கு வேறு மாதிரி இருந்தால் அது உங்கள் இஷ்டம்.

அன்றைய ராத்திரிச் சாப்பாட்டையும் மறந்துவிடாதீர்கள். இனிப்பை மகன் செய்துவிட்டு, "இட்லிக்குச் சட்னி மட்டும் அரைச்சிடும்மா" என்றால் எல்லாம் வீண். டிபனைக் கடையில் வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. மகன் கிளறுகிற நேரத்தில் அத்தை வீட்டில் இருந்தால் நிச்சயம் அடுப்படிக்கு வந்துவிடுவார். நீங்கள் அரை நாள் லீவு போட்டு அவரைத் திருவானைக்காவலுக்கு உச்சிகாலப் பூஜைக்குக் கூட்டிப் போங்கள். அர்ச்சகர் புடவை உடுத்திக்கொண்டு அம்மனின் இடத்திலிருந்து சிவனுக்குப் பூஜை செய்யும் அந்த நேரம் அங்கே விசேஷம். திரும்பி வரும்போது பிராகாரத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசிவிட்டு வாருங்கள். வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வது பெரும்பாலும் அரிசி, பருப்பு, பால் கணக்காகத்தான் இருக்கிறது.

வந்ததும் அவரை உட்காரவைத்து, முதல் கிண்ணத்தை மகன் கொண்டுவந்து கொடுக்கட்டும். "உப்பு ஒரு சிட்டிகை போட்டிருக்கலாம்", "இன்னும் கொஞ்சம் குழையணும்" என்று அவர் குறை சொன்னால் சொல்லட்டும். அவர் சொல்கிற குறையைக் கேட்டு, அடுத்த வருடத்துக்குக் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் கொடுங்கள். அரிசி வாங்குவதும் அவர்தான், முந்தின ராத்திரி ஊறவைப்பதும் அவர்தான், மறுநாள் உருளியைத் தேய்த்துக் கவிழ்ப்பதும் அவர்தான். நீங்கள் ஞாபகப்படுத்தக்கூட வேண்டாம்.