விண்மீன்களை அகச்சிவப்பில் ஆராய்வது ஏன்?

கேள்வி: விண்மீன்களின் நிறமாலையை, அதாவது அவற்றின் ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பட்டையை, கட்புல ஒளியில் நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அப்படியிருக்க, கட்புல ஒளியைவிடச் சற்று நீண்ட அலைநீளம் கொண்ட அண்மை அகச்சிவப்பில் உயர் பிரிதிறன் (நெருக்கமான அலைநீளங்களையும் வேறுபடுத்தும் திறன்) கொண்ட நிறமாலைமானிகளை அமைப்பதால் புதிதாக என்ன தெரிய வருகிறது?

பதில்: பால்வெளியின் மையத்துக்கும் நமக்கும் இடையே பரவியுள்ள தூசு, கட்புல ஒளியை ஏறத்தாழ 30 பொலிவெண் (வானியலில் ஒளிர்வை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கச் செய்கிறது, அதாவது, லட்சம் கோடி ஒளித்துகள்கள் புறப்பட்டால் ஒன்றுதான் வந்து சேரும். 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்திலோ ஏறத்தாழ பத்தில் ஒன்று தப்பி வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2011-இல் தொடங்கிய 'அப்போஜி' ஆய்வு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலைகளைப் பதிவு செய்ய 1.5 முதல் 1.7 மைக்ரோமீட்டர் வரையுள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முக்கியக் காரணம். சுமார் 3,000 கெல்வின் வெப்பநிலை கொண்ட செங்குறுமீன்கள் (சிறிய, குளிர்ந்த விண்மீன்கள்) 1 மைக்ரோமீட்டரை ஒட்டியே மிகுதியாக ஒளிர்வதால், அவற்றுக்கும் இம்முறை பொருந்தும்.

ஆயினும், இம்முறைக்கான வலுவான காரணம் காந்தப்புலம் என்றே கருதுகிறேன். காந்தப்புலத்தில் உள்ள அணுக்களின் நிறமாலைக் கோடு (அணு ஒளியை உறிஞ்சும் அல்லது உமிழும் குறிப்பிட்ட அலைநீளம்) பல கூறுகளாகப் பிரிவது சீமான் விளைவு எனப்படும். இந்தப் பிரிவின் அளவு அலைநீளத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுகிறது. வெப்பத்தாலும் சுழற்சியாலும் கோடு அகன்றுபோவதோ அலைநீளத்துக்கு நேர்விகிதத்தில் மட்டுமே கூடுகிறது. எனவே, அலைநீளம் நான்கு மடங்கானால் பிரிவு பதினாறு மடங்காகும். அகலம் நான்கு மடங்கோடு நின்றுவிடும். இளம் விண்மீன்களில் 2,000 காஸ் (காந்தப்புல அலகு) அளவிலான புலங்களை, 2.2 மைக்ரோமீட்டரை ஒட்டிய டைட்டானியக் கோடுகளைக் கொண்டு அளக்க முடிவது இதனால்தான்.

இதற்குப் பிரிதிறன் உயர்வாக இருக்க வேண்டும். டெக்சஸின் மெக்டொனால்டு வானாய்வகத்தில் 2014-இல் இயங்கத் தொடங்கிய 'இக்ரின்ஸ்' கருவியின் பிரிதிறன் 45,000; அதாவது, 2.2 மைக்ரோமீட்டரில் 0.05 நானோமீட்டர் வேறுபாட்டை அது பிரித்துக் காட்டும். அதன் கீற்றணி (ஒளியை அலைநீள வாரியாகப் பிரிக்கும் நுண்கோடுகள் கொண்ட உறுப்பு) சிலிக்கானுக்குள் ஒளியைச் செலுத்திப் பிரிக்கிறது. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 3.4 என்பதால் கருவியைச் சிறிதாகவே அமைக்க முடிந்தது.

இடையூறு நம் வளிமண்டலத்திலிருந்தே வருகிறது. நீராவி, மீத்தேன், கரியமில வாயு ஆகியவை இப்பகுதியில் ஏராளமான உறிஞ்சு கோடுகளைப் பதிக்கின்றன. அவற்றை நீக்க, வெப்பம் மிகுந்ததும் உலோகக் கோடுகள் குறைவாக உள்ளதுமான 'ஏ' வகை விண்மீன் ஒன்றை, ஆராயும் விண்மீனுக்கு அருகிலும் அதே இரவிலும் பதிவு செய்து, ஆராயும் விண்மீனின் நிறமாலையை அதன் நிறமாலையால் வகுக்கிறார்கள். ஆனால் அந்த விண்மீனுக்கே அகன்ற ஹைட்ரஜன் கோடுகள் உண்டு. அவற்றை முன்னரே கணக்கிட்டு நீக்காவிட்டால், ஆராயும் விண்மீனில் இல்லாத ஹைட்ரஜன் உமிழ்வு ஒன்று முடிவில் தோன்றிவிடும்.