இடி இடித்தால் மரங்கள் வீட்டுக்குள் ஓட வேண்டும்

வாசகர் கடிதம்:

வணக்கம் அக்கா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கரையோரக் கிராமத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எல்லாம் மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் ஒரு பெட்டி நிறையப் படப்புத்தகங்கள் அனுப்பியிருக்கிறார். அதில் வானிலை பற்றிய புத்தகம் ஒன்று இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு யோகாசனம். மழைப் பக்கத்தில் மரம்போல் நிற்கச் சொல்கிறது, அடுத்த பக்கத்தில் மின்னல், பிறகு பனி. பிள்ளைகளுக்கு ஆசனங்கள் நன்றாகப் பிடித்துவிட்டன. ஆனால் பனிமனிதன் படத்தைக் காட்டினால் "ரீச்சர், இது பேயா?" என்று கேட்கிறார்கள். நான்கு பருவம் என்று அதில் இருப்பதை எங்கள் ஊரோடு எப்படிப் பொருத்துவது என்று எனக்கும் விளங்கவில்லை. மாரி தொடங்கப்போகிறது. இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

இன்னும் இரண்டு விஷயம். இடி இடித்தால் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுகிறாள். அவளுடைய தாயும் அப்படித்தான் என்று அம்மம்மா சொன்னார். மற்றது, யோகா என்றால் சைவசமயப் பாடமா என்று ஒரு கத்தோலிக்கத் தாய் கேட்டார். என்ன பதில் சொல்வது?

பெயர் போட வேண்டாம் அக்கா.

ஒரு முன்பள்ளி ஆசிரியை

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

பேயா என்று அவர்கள் கேட்டதில் என்ன பிழை? வெள்ளை உடம்பு, கழுத்தில் துண்டு, மூக்குக்கு ஒரு கரட், ஆளில்லாத முற்றத்தில் தனியாக நிற்கிறது. வன்னியில் பிறந்த பிள்ளை அதை வேறு என்னவென்று நினைக்கும்?

அதற்காகப் பெட்டியை மூடிவைக்க வேண்டாம். புத்தகம் இருக்கட்டும், ஆசனமும் இருக்கட்டும். வரிசையை மட்டும் மாற்றுங்கள். இப்போது புத்தகத்தைத் திறந்து, படத்தைக் காட்டி, ஆசனம் செய்யவைத்து, அதற்குப் பிறகுதான் வெளியே பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காலையில் நனைந்துகொண்டு வந்த பிள்ளைக்கு மழையைப் படத்தில் காட்டி என்ன பயன்? முதலில் முற்றம், அப்புறம் உடம்பு, கடைசியில் புத்தகம். கண்ணால் கண்டதை உடம்பால் ஒருமுறை செய்து பார்த்த பிள்ளை, அதே விஷயம் படத்தில் வரும்போது நீங்கள் வாயைத் திறக்குமுன் தானே சொல்லத் தொடங்கிவிடும். காணாத ஒன்றைச் செய்யச் சொன்னால் அது வெறும் தேகப்பயிற்சி. அதுவும் நல்லதுதான், ஆனால் அதை வானிலைப் பாடம் என்று சொல்ல முடியாது.

நான்கு பருவம் பற்றிக் கேட்டீர்கள். எங்களுக்கும் நான்கு இருக்கிறது. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகத்தான் பிரிக்கிறது: மார்ச், ஏப்ரலில் முதலாவது இடைப்பருவம்; மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று; ஒக்டோபர், நவம்பரில் இரண்டாவது இடைப்பருவம்; டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. தென்மேற்குக் காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிடுகிறது. எங்களுக்கு மிஞ்சுவது சோளகம் என்கிற அந்தத் தென்மேற்குக் காற்றும் புழுதியும். கொழும்பில் வெள்ளம் என்று செய்தி வருகிற அதே நாளில் இங்கே குளத்தின் அடி வெடித்துக் கிடக்கும், அதில் மாடு மேயும். எங்கள் மழை ஒக்டோபரில் இடியோடு தொடங்கி, வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிவரும் வடகீழ்க் காற்றான வாடையோடு தை வரை நீளும். காலபோகம் என்கிற மாரிகால நெல் அதை நம்பித்தான் விதைக்கப்படுகிறது. இதில் இலையுதிர் காலத்துக்கு எங்கே இடம்? நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த மாதக் கணக்கெல்லாம் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பிள்ளைக்கு வேண்டியது ஒரு தடியும் ஒரு பழைய சேலைத் துண்டும். முற்றத்தில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் தடியை ஊன்றி, உச்சியில் துணியைக் கட்டிவிடுங்கள். உங்களுக்குக் கடல் கிழக்கே. சோளகம் வீசும்வரை துணி கடல் பக்கமாகவே பறக்கும். ஒரு நாள் அது திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டுப் பக்கமாகப் பறக்கத் தொடங்கும். வாடை வந்துவிட்டது. இடையில் சில கிழமைகள் அது அங்குமிங்கும் அல்லாடும், சில நாள் தொங்கிக்கொண்டே நிற்கும், அன்றைக்குப் புழுக்கம் தாங்க முடியாது, பின்னேரம் இடி கேட்கும். இரண்டாவது இடைப்பருவம் என்பது இதுதான். தினமும் காலையில் வந்தவுடன் "துணி எங்கே போகுது?" என்று கேளுங்கள். பிள்ளைகள் கையை நீட்டி அந்தப் பக்கம் சாயட்டும். பனைபோல் கால் இரண்டையும் சேர்த்து ஊன்றி, கைகளை மேலே தூக்கி, துணி போகும் பக்கத்துக்கு வளைவது. அன்றைய முதல் ஆசனம் முடிந்தது. தாடாசனம் என்ற பெயரை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

சில சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக்காலில் நிற்கும்போது மற்றப் பாதத்தைக் கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ வைக்கலாம், முழங்கால் மூட்டில் வைக்கவே கூடாது. மூச்சை அடக்கச் சொல்ல வேண்டாம். பத்து நிமிடம் போதும், அதுவும் காலைச் சாப்பாட்டுக்கு முன். தவளையாகக் குந்தியிருந்து தாவுவது நல்லது. மயிலாசனம் இந்த வயதுக்கு வேண்டாம். உடம்புப் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். கையை விரித்துத் தோகையாக ஆட்டினால் மயில் வந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு மயில் எப்படி நடக்கும் என்று யாரும் காட்டவும் தேவையில்லை, நெல் விதைத்த வயலில் அதைத் துரத்துகிறவர்களே அவர்கள்தான்.

இனிக் குளம். எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இதைத் தேடிப் பயனில்லை. வன்னியில் மழை என்றால் பாதி குளம். கார்த்திகை, மார்கழியில் பெரியவர்கள் வீட்டில் கதைப்பது என்ன? இரணைமடு எத்தனை அடி, முத்தையன்கட்டு எத்தனை அடி, வவுனிக்குளம் நிரம்பி வான் பாய்கிறதா என்பதுதான். இரணைமடு நிரம்பும் மட்டமான 36 அடியை நெருங்கினால் கிளிநொச்சி முழுக்க அதே பேச்சு. பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள், ஆனால் வகுப்பில் குளத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக, கை கோர்த்து, கால்களை அகட்டி உறுதியாக நிற்கட்டும். அவர்கள் குளக்கட்டு. பாதத்தை அழுத்தி நின்றால்தான் கட்டு உடையாது என்று சொல்லுங்கள், உடனே எல்லாக் கால்களும் நிலத்தில் ஊன்றும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பேர் வான்கதவு, மிஞ்சிய தண்ணீரைத் திறந்துவிடும் கதவு. நீலத் துணி பிடித்த நான்கைந்து பேர் உள்ளே, தண்ணீர். முதலில் பாலாசனத்தில், நெற்றி நிலத்தில் பட முடங்கிக் கிடப்பார்கள், வற்றிய குளம். நீங்கள் ஒரு விரலால் பலகையில் தட்டுங்கள், தூறல். பிறகு இரண்டு விரல், பிறகு உள்ளங்கை. தட்டத் தட்டத் தண்ணீர்ப் பிள்ளைகள் மெல்ல எழும்ப வேண்டும்: முழங்காலில், குந்தி, நின்று, கடைசியில் கை மேலே. இதில் ஒரு பிள்ளைக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஒலிபெருக்கி. கதவு திறக்குமுன் கீழே உள்ளவர்களுக்கு அறிவிக்க வேண்டும் அல்லவா? வாயருகே கையைக் குவித்து "வான்கதவு திறக்கப் போகுது, ஆற்றுப் பக்கம் போகாதேங்கோ!" என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் கதவு கையைத் தூக்கும், தண்ணீர் வரிசையாக ஓடிப்போய்க் கடலில் விழும். இரணைமடுவில் திறந்தால் கனகராயன் ஆற்று வழியே சுண்டிக்குளம் களப்புக்குப் போகும். உங்கள் ஊர்க் குளத்துத் தண்ணீர் எங்கே போகிறதென்று பிள்ளைகளின் தாத்தாமாரிடம் கேட்டுவிட்டு அந்தப் பெயரையே சொல்லுங்கள். ஒலிபெருக்கியாக இருக்கத்தான் சண்டை வரும், தயாராக இருங்கள்.

இந்த விளையாட்டில் அறிவிப்பை விட்டுவிடாதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளமும், 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய புரெவிப் புயலும் உங்கள் பெற்றோருக்கு மறந்திருக்காது. அறிவித்தால் நகர வேண்டும் என்பது ஐந்து வயதில் விளையாட்டாகவே உடம்பில் ஏறட்டும்.

மரத்தையும் மின்னலையும் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் புத்தகத்தில் எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் அதுதான். மழைக்கு மரமாக நில், அடுத்த பக்கத்தில் மின்னல்! வயல்வெளியிலும் கடற்கரையிலும் வளரும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாமா? இங்கே இடிமின்னல் கூடுதலாக வருவது இடைப்பருவங்களில், பெரும்பாலும் பிள்ளைகள் வெளியே விளையாடும் பின்னேரத்தில். அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் நீங்களே ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். எல்லோரும் மரமாக நிற்கிறார்கள். நீங்கள் தகரத்தில் மெதுவாக ஒரு தட்டு. உடனே மரங்கள் எல்லாம் பிள்ளைகளாக மாறி, பாய் விரித்த "வீட்டுக்குள்" ஓடி வந்து இருந்துவிட வேண்டும். மரத்தடியில் நின்றவர் அடுத்த சுற்றில் இல்லை. உங்களுக்கான கணக்கு: ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய மூன்று விநாடி எடுக்கும், மின்னலிலிருந்து இடி வரை எண்ணி மூன்றால் பிரித்தால் தூரம் தெரியும். ஆனால் எண்ணுவது உள்ளே வந்த பிறகு. இடி காதில் விழுகிற தூரம் என்றாலே வெளியே நிற்கக் கூடாத தூரம்தான், கடைசி இடிக்குப் பிறகும் அரை மணித்தியாலம் உள்ளே இருங்கள்.

மேசைக்குக் கீழே போகும் பிள்ளையைப் பற்றி. அவளை வெளியே இழுக்க வேண்டாம், "பயப்படக் கூடாது" என்றும் சொல்ல வேண்டாம். அவளுடைய தாய் எந்த வயதில் எந்தச் சத்தங்களைக் கேட்டு, எந்தத் தரப்பாளுக்குக் கீழே மழைக்கு ஒதுங்கியிருந்தார் என்று நாங்கள் இருவரும் ஊகிக்கலாம். அதைப் பற்றி நான்கு வயதுப் பிள்ளையிடம் கதைக்கவும் வேண்டாம். யோகத்தில் பிராமரி என்று ஒரு மூச்சுப் பயிற்சி இருக்கிறது. காதுகளைப் பெருவிரலால் மூடி, மூச்சை விடும்போது வண்டுபோல் "ம்ம்ம்" என்று முரலுவது. உங்கள் பிள்ளை பாதியைத் தானாகவே செய்துகொண்டிருக்கிறாள், மிச்சப் பாதியைச் சொல்லிக்கொடுங்கள். இடி இல்லாத நாளில், எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்து. அவளுக்கென்று தனியாகச் செய்தால் அது வைத்தியம் ஆகிவிடும், பிள்ளைக்கு அது தெரிந்தும்விடும். பிறகு இடி வரும் நாளில் அவள் மேசைக்குக் கீழேயே இருந்து முரலட்டும், நீங்களும் கீழே குனிந்து சேர்ந்து முரலுங்கள். தகரம் தட்டும் வேலையை எப்போதாவது அவள் கேட்டால் கொடுங்கள். நீங்களாக நீட்ட வேண்டாம். தகரத்தில் தட்டப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லாமல் ஒருநாளும் தட்ட வேண்டாம், ஒழுங்கையால் போகிறவர்களுக்கும் அது கேட்கும்.

மழைமானி செய்ய ஆசை இருந்தால் ஒரு சோடாப் போத்தல் போதும். தோள்பட்டைக்குக் கீழே வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாகப் புனல்போல் செருகுங்கள். அடி மேடுபள்ளமாக இருக்கும், ஆகவே கூழாங்கல் போட்டு, போத்தல் நேராக எழும்பும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு. அதுதான் பூச்சியம். அதற்கு மேல் ஏறுவதை விரலால் அளக்கட்டும்: நேற்று ஒரு விரல் மழை, இன்றைக்கு மூன்று விரல். தினமும் கோட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள், வெள்ளிக்கிழமை முழுவதையும் ஊற்றிக் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு அந்தப் போத்தல் போதுமானது.

இவ்வளவும் நடந்த பிறகு புத்தகத்துக்கு வாருங்கள். அனுப்பிய புத்தகத்தை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். காற்று வரும் பக்கத்தில் நிறுத்தி, "எங்கட துணி இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். பனிமனிதனை ஒளிக்கவும் தேவையில்லை. தூரத்து ஊரில் மழை வெள்ளைப் பஞ்சுபோல் விழும், அங்கே உங்கள் மாமா இருக்கிறார் என்றால் பாதிப் பிள்ளைகளுக்கு அது சொந்தக் கதை. வட்ஸ்அப்பில் பனியைக் கண்டவர்களும் இருப்பார்கள்.

கூடவே எங்கள் புத்தகம் ஒன்றையும் தொடங்குங்கள். பிறிஸ்டல் போட் தாள்களை நூலால் கட்டி, மாதத்துக்கு ஒரு பக்கம். பாலைப்பழம் பொறுக்கும் வெயில், முதல் மழைக்குப் பிறகு புறப்படும் ஈசல், வெள்ளம் நின்ற வயலில் கொக்கு, தைப்பனியில் வாயிலிருந்து புகை வருகிறதா என்று ஊதிப் பார்ப்பது. ஓவியர் வேண்டாம், பிள்ளைகளின் கையே போதும்.

கடைசிக் கேள்வி அந்தத் தாயுடையது. அவர் கேட்டது நியாயம். யோகம் எங்கிருந்து வந்தது என்று மறைக்க வேண்டாம், சமயத்தோடு சேர்ந்து வளர்ந்ததுதான். ஆனால் உங்கள் வகுப்பில் நடப்பது தவளையும் பனையும் குளக்கட்டும். மந்திரம் வேண்டாம், சூரிய நமஸ்காரத்தையும் விட்டுவிடுங்கள். சூரியனுக்குக் கையை விரித்து நின்றால் போதும். மாதப் புத்தகத்தில் வைகாசிக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தால் ஓகஸ்டுக்கு மடு மாதா திருவிழா வரட்டும். ஓகஸ்ட் 15 வரும்போது கோடை உச்சத்தில் இருக்கும், அதனால்தான் அத்தனை சனமும் மடுக் காட்டில் மரங்களுக்குக் கீழே கூடாரம் போட்டுத் தங்க முடிகிறது. அதுவும் வானிலைப் பாடம்தான். வாயால் விளக்குவதைவிட அவரை ஒரு காலையில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் சும்மா இருத்தி வைக்காதீர்கள், குளக்கட்டில் கை கோர்க்க உங்களுக்கு எப்படியும் ஒரு ஆள் குறையும்.