ஷோரூமா, பட்டறையா? வீட்டு கேரேஜ் கேள்வி பதில்

வீட்டு கேரேஜ் பற்றிக் கேட்டிருந்த எல்லோருக்கும் வணக்கம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் நீங்களே கை வைப்பவர் என்றால், முதல் பணம் தரை, காற்று, வெளிச்சம், கரண்ட் இந்த நான்குக்கும் போகட்டும். அலங்காரம் அப்புறம்.

கோவை: அண்ணா, புது வீட்டில் இரண்டு கார் நிறுத்த இடம் விட்டிருக்கிறோம். ஒன்று அப்பாவின் பிரீமியர் பத்மினி. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வேலை பார்ப்பேன். ஆர்க்கிடெக்ட் வெள்ளை எப்பாக்ஸி (கான்கிரீட் மேல் பூசும் பளபளப்பான பிசின் பூச்சு) தரை, கண்ணாடி அலமாரி, ஸ்பாட் லைட் என்று படம் போட்டுக் காட்டுகிறார். ஒத்துக்கொள்ளலாமா?

படம் அழகாகத்தான் இருக்கும் தம்பி. ஆனால் பத்மினி கார்புரேட்டர் வண்டி. பெட்ரோல் கசியும், ஆயில் சொட்டும், பிரேக் ட்ரம்மைக் கழற்றினால் கருப்புத் தூள் கொட்டும். (பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.) வெள்ளைத் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலே மனசு பதறும். அப்புறம் "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று பானெட் திறப்பதே குறைந்துவிடும். அப்படி நின்றே வீணான நல்ல வண்டிகளை நிறைய பார்த்திருக்கிறேன். டேங்க் உள்ளே துரு, வீல் சிலிண்டர் இறுகிப்போயிருக்கும், வெளியே மட்டும் பாலிஷ் மின்னும்.

அதற்காக அழகை அடியோடு விட வேண்டியதில்லை. அமெரிக்காவில் பர்பேங்க் நகரில் டிவி நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்ற நகைச்சுவையாளர் ஜே லெனோவின் கேரேஜைப் பாருங்கள். கார்கள் வரிசையாக மின்னுகின்றன, அதே வளாகத்தில் பட்டறையும் முழு மூச்சாக நடக்கிறது. உங்கள் அளவுக்கு, இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் போதும். ஒரு பக்கம் ஆர்க்கிடெக்ட் சொன்னபடி. பத்மினி நிற்கும் பக்கம், ஹார்டனர் (மேற்பரப்பைக் கடினமாக்கும் கலவை) போட்டு மட்டம் பார்த்த சாம்பல் நிற கான்கிரீட். அங்கே ஆயில் சிந்தினால் மரத்தூளைப் போட்டுக் கூட்டிவிடலாம்.

திருவான்மியூர்: சார், எப்பாக்ஸி போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. டயர் நிற்கும் இடத்தில் தோல் தோலாக உரிகிறது. டயர் சூடுதான் காரணம் என்கிறார் போட்டவர்.

சூடான டயர் பூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆறும்போது இழுப்பது உண்மைதான். ஆனால் கீழே பிடிப்பு இருந்தால் அவ்வளவு சுலபமாக உரியாது. உரிந்த துண்டு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சிமெண்ட் மாவு ஒட்டியிருந்தால், கான்கிரீட்டின் மேல் தோலை கிரைண்டர் போட்டு எடுக்காமல் பூசியிருக்கிறார்கள். அடி சுத்தமாக, தரை ஈரமாக இருந்தால் கீழிருந்து நீர் ஏறுகிறது. கடற்கரைப் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் இரண்டாவதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

சோதிப்பது எளிது. பூச்சில்லாத இடத்தில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலித்தீன் ஷீட் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ மறுபடி சாதாரண எப்பாக்ஸிக்குச் செலவழிக்காதீர்கள். சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் போதும். புதுத் தரையாக இருந்தால், 28 நாள் ஆறாமல் யாரையும் பூச விடாதீர்கள். வெயில் படும் இடத்தில் எப்பாக்ஸி மஞ்சளாகும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்காபரோ, கனடா: அண்ணை, எங்கட கராஜ் வீட்டோட ஒட்டினது. வடிவாச் செய்து ஒரு சோபாவும் போட யோசிக்கிறன். குளிருக்கு வெளிக்கதவைத் திறந்துவிட்டு, காரை உள்ளுக்கையே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கலாமோ?

வேண்டவே வேண்டாம். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கும். கார் வெளியே போன பிறகும் வீட்டுக்குள் போகும் கதவு வழியாக நுழையும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. இன்ஜினைச் சூடாக்க பிளக்கில் மாட்டும் பிளாக் ஹீட்டர் இருக்கிறது. வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவில் உள்ள கதவு தானாக மூடிக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். சோபாவுக்குப் போய்வர வசதி என்று அதைக் கழற்றிவிடாதீர்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் இருக்கட்டும்.

மதுரை: ஐயா, ஃபார்ச்சூனரைத் தூக்கிப் பார்க்க டூ போஸ்ட் லிஃப்ட் (இரண்டு தூண் வைத்து வண்டியைத் தூக்கும் கருவி) போடலாமா? போர்டிகோ உயரம் பத்தடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபார்ச்சூனர் உயரம் 1,835 மில்லிமீட்டர், அதாவது ஆறடி. அடியில் நீங்கள் நிமிர்ந்து நிற்க இன்னொரு ஆறடி. லிஃப்டின் பாகங்களுக்கும் இடம் வேண்டும், பத்தடி போதாது. அதைவிட முக்கியம் தரை. தூணின் போல்ட் இறங்க நல்ல கான்கிரீட் தடிமன் வேண்டும், அது எவ்வளவு என்பது லிஃப்டின் கையேட்டிலேயே இருக்கும். டைல்ஸ் மேல் கூடாது. நம் ஊர் வீடுகளில் போர்டிகோவுக்கு அடியில்தான் பெரும்பாலும் தண்ணீர் சம்ப்போ செப்டிக் டேங்கோ இருக்கும். அந்த மூடியின் மேல் இரண்டு டன் வண்டியைத் தூக்கி நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. இடுப்பளவு தூக்கும் சிசர் லிஃப்ட்டை விசாரியுங்கள், அதையும் சம்ப்பை விட்டுத் தள்ளி வையுங்கள்.

ஓசூர்: காட்சிக்கு வைக்கும் பழைய வண்டிகள்தானே சார், தீயணைப்பான் அவசியமா?

மேலே சொன்ன லெனோவின் கேரேஜிலேயே 2022 நவம்பரில் தீப்பிடித்தது. 1907-ஆம் ஆண்டு ஒயிட் கம்பெனி நீராவிக் காருக்கு அடியில் லெனோ படுத்து, அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெட்ரோல் மேலே பீய்ச்சியடித்து, பைலட் சுடரில் (பர்னரைப் பற்றவைக்க எரிந்துகொண்டே இருக்கும் சிறு சுடர்) பற்றிக்கொண்டது. முகமும் கைகளும் வெந்துபோயின. அனுபவம் உள்ளவருக்கு, வசதி உள்ள இடத்தில் நடந்தது இது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அதனால் சுவரின் அடிப்பகுதியில் காற்றுத் துளை விடுங்கள், பிளக் பாயிண்டுகளை ஒன்றரை அடிக்கு மேலே வையுங்கள். வண்டிக்கு அடியில் இறங்கக் குழி வெட்டியிருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஆயுத பூஜைக்கு வண்டியை வெளியே எடுத்த பிறகு கற்பூரம் ஏற்றுங்கள். ஏபிசி பவுடர் தீயணைப்பான் சிலிண்டரை வாசல் பக்கம் மாட்டுங்கள். பெஞ்சுக்குப் பின்னால் மாட்டினால் நெருப்பைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நாகர்கோவில்: அண்ணாச்சி, கேரேஜை நன்றாக அடைத்து கவரும் போட்டிருக்கிறேன். இருந்தும் துரு பிடிக்கிறது.

அடைத்து வைத்ததுதான் வினை. மழையில் நனைந்த வண்டிக்குக் கவர் போட்டால் ஈரம் போக வழியில்லை. முதலில் உலரட்டும். எதிரெதிரே ஜன்னலும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வையுங்கள்.

திருச்சி: விளக்கு எங்கே?

காருக்கு நேர் மேலே வேண்டாம், பானெட் திறந்ததும் மறைக்கும். இரண்டு பக்கச் சுவரை ஒட்டி, 4,000 முதல் 5,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) எல்இடி டியூப்.

தஞ்சாவூர்: போர்டிகோ மட்டும்தான் இருக்கிறது, பெரிய செலவுக்கு வழியில்லை. வேலை பார்க்க என்ன செய்யலாம்?

தாராளமாகச் செய்யலாம். முதலில் தனி எம்சிபியும் (லோடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து ஒரு 15 ஆம்பியர் பாயிண்ட் இழுங்கள். அடுத்து நல்ல ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி. வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது. டைல்ஸ் தரை என்றால் ஸ்டாண்டுக்குக் கீழே கனமான பிளைவுட் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பொள்ளலாக இருக்கும் டைல் உடைந்து ஸ்டாண்ட் சாயும். பெஞ்சுக்கு ஆங்கிள் சட்டத்தின் மேல் கடப்பா கல் போதும், உயரம் உங்கள் இடுப்பளவு. ஆனால் வைஸை (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) மட்டும் கல்லில் மாட்டாதீர்கள், சுத்தியல் அடியில் விண்டுவிடும். சட்டத்தின் கால் நிற்கும் மூலையில் தடித்த மரப்பலகை வைத்து, இரும்போடு சேர்த்து போல்ட் போடுங்கள்.