டூல் டிராலி டிராயர் தானாகத் திறந்துகொண்டால்: கேள்வி பதில்

கார் ஒர்க்‌ஷாப்பில் 20 வருடமாக டிராலி தள்ளுகிறேன். டிராயர் தொல்லை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: டிராலி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை அண்ணா. நேராகத் தள்ளினால் ஒன்றும் இல்லை. காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பிட் (குழி) பக்கம் திருப்பினால் மேல் இரண்டு டிராயரும் வெளியே வந்துவிடுகின்றன. டிராயர் ஓடும் சேனல் போய்விட்டதா?

சேனல் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. பஸ் இடது பக்கம் ஒடித்தால் நிற்கிறவர்கள் வலது பக்கம் சாய்கிறார்கள் இல்லையா, அதே கதைதான். கைப்பிடி டிராலியின் குறுகிய பக்கத்திலும் டிராயர்கள் அகலமான பக்கத்திலும் இருக்கின்றன. அதனால் நேராகப் போகும்போது டிராயர் வெளியே வர வேலையே இல்லை. டிராயர் முகம் வலது பக்கம் இருக்க, நீங்கள் சடாரென்று இடது பக்கம் திருப்பினால் வரத்தான் செய்யும்.

பால் பேரிங் சேனலில் மூடிய டிராயரைப் பிடித்து வைப்பது கடைசியில் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கவ்விதான். கதவைச் சாத்தி வைத்ததற்குச் சமம், தாழ் போட்டதாக நினைத்துவிடாதீர்கள். 12 அடிக்கு 1 அடி ஏறும் ரேம்ப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 36 கிலோ சாமான் உள்ள டிராயர் அதில் பள்ளத்தைப் பார்த்து நின்றால், யாரோ 3 கிலோ எடையைக் கட்டி வெளியே இழுக்கிற மாதிரி ஆகிவிடும். அந்தக் கவ்வி அதைத் தாங்காது. ஆகவே ரேம்ப்பில் நேராக ஏறி, நேராக இறங்குங்கள். பாதியில் திருப்பவே வேண்டாம். சாக்கெட் செட், சுத்தியல் எல்லாம் அடி டிராயருக்குப் போகட்டும். 3 அங்குல நைலான் சக்கரம் இருந்தால் 5 அங்குல ரப்பர் சக்கரமாக மாற்றுங்கள், தரையின் ஒவ்வொரு வெடிப்பிலும் டிராலி குதிக்காது.

கேள்வி: சாவி போட்டுப் பூட்டியும் ஒரே ஒரு டிராயர் மட்டும் திறக்கிறது.

அந்த டிராயர் கடைசி வரை உள்ளே போகவில்லை. பின்னால் இருக்கும் பூட்டுக் கம்பி டிராயரின் கொக்கியைப் பிடிக்க வேண்டும். அரை அங்குலம் வெளியே நின்றாலும் எட்டாது. சேனலுக்குள் பேரிங் குண்டுகளைத் தாங்கும் தகடு நாளடைவில் இடம் நகர்ந்துவிடும். டிராயரை முழுக்க வெளியே இழுத்து, ஒரே மூச்சில் கடைசி வரை தள்ளினால் தகடு பழைய இடத்துக்குப் போய்விடும். அப்படியும் சரிவரவில்லை என்றால் டிராயரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். "எங்கேடா தொலைத்தாய்" என்று நான் 3 மாதம் பையனைத் திட்டிக்கொண்டிருந்த 10 நம்பர் ஸ்பேனர் அங்கேதான் கிடந்தது.

கேள்வி: காந்தம் ஒட்டலாமா?

லேசான டிராயருக்கு ஒட்டலாம். காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பெயிண்ட் பூச்சு அளவு இடைவெளி வந்தாலே பிடி குறையும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் சக்தியை இழக்கும், வெல்டிங் பக்கத்தில் வைக்காதீர்கள். டயல் கேஜ் (நுணுக்கமாக அளக்கும் கருவி) இருக்கும் டிராயரில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஒரு நாளைக்கு 40 தடவை யார் சாவி போடுவது? வேறு வழி சொல்லுங்கள்.

நியாயம்தான், நானும் போடுவதில்லை. 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) பட்டை எடுங்கள். டிராலியின் ஓரத் தூணில் மேலும் கீழும் இரண்டு கீல் வைத்து, எல்லா டிராயர் ஓரத்தையும் மறைத்துக்கொண்டு நிற்கும்படி பொருத்துங்கள். டிராலி உடம்பில் நடுவில் ஒரு நாதாங்கி, அதில் செருக ஒரு பின். பின்னைச் சின்னச் சங்கிலியில் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் முதல் வாரமே காணாமல் போகும். துளை போடுவதற்கு முன் டிராயர்களைக் கழற்றிவிடுங்கள், இரும்புத் தூள் சேனலுக்குள் போனால் அப்புறம் அது வேறு தலைவலி. வெல்டர் வரும் வரை பழைய சைக்கிள் டியூப்பை இறுக்கிச் சுற்றுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் பிடிக்கும்.

கேள்வி: மருத்துவமனையில் வேலை சார். எமர்ஜென்சி டிராலிக்கும் இதே பட்டை போடலாமா?

கூடாது. அங்கே நொடியில் திறக்க வேண்டும். கையால் இழுத்தாலே அறுந்துவிடும், நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீல்தான் அதற்குச் சரி. யாராவது திறந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

கேள்வி: வீட்டில் நானே மரத்தில் டிராலி செய்கிறேன். இனிமேல்தான் சேனல் பொருத்தப் போகிறேன்.

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் அம்மா. சேனலின் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 2 மில்லிமீட்டர் கீழே இறக்கிப் பொருத்துங்கள். டிராயர் தன் எடையிலேயே உள்ளே போய் உட்காரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்க வேண்டும், இல்லையென்றால் கோணிக்கொண்டு இறுகும்.

கேள்வி: மூன்று டிராயரை ஒன்றாகத் திறந்தபோது டிராலியே முன்னால் சாய்ந்துவிட்டது.

காலில் விழாததே பெரிய விஷயம். ஒரு நேரத்தில் ஒரு டிராயர் மட்டும். அடி டிராயர் காலியாக இருந்தால் இன்றைக்கே நிரப்புங்கள்.