தீர்ப்பைப் படித்த நாளிலிருந்து மகள் சரியாகப் பேசுவதில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் மகளுக்கு 13 வயது. பள்ளி நூலகத்திலிருந்து ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை எடுத்துவந்தாள். 1930-களில் அமெரிக்காவின் அலபாமாவில் நடக்கும் கதை. வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது பொய்வழக்கு. வக்கீல் ஆட்டிகஸ் உண்மையை எடுத்துக்காட்டியும், ஜூரிகள் (தீர்ப்பு சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள்) அவனைக் குற்றவாளி என்கிறார்கள். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடியவள்தான். சரியாகச் சாப்பிடுவதில்லை. "எல்லாரும் பார்த்துட்டுத்தானே இருந்தாங்க, அப்புறம் எப்படிம்மா?" என்கிறாள். "வெள்ளைக்காரங்க எல்லாருமே இப்படித்தான்" என்கிறாள். "கதைதானே, விடு" என்றார் அவள் அப்பா. எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

- ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

கொடுக்க வேண்டாம். அநியாயம் உறைக்கிற மனசு உங்கள் மகளுக்கு. அதில் கோளாறு எதுவும் இல்லை.

நாவலில் வக்கீலின் மகன் ஜெம்முக்கும் ஏறக்குறைய இவள் வயதுதான். தீர்ப்பைக் கேட்டு அழுகிறான். பிற்பாடு தங்கை அந்த நீதிமன்றப் பேச்சை எடுத்தால், சட்டையைப் பிடித்து உலுக்கிக் கத்துகிறான். மறக்க முயல்வதுபோலத் தெரிந்தாலும், யோசிக்கத் தெம்பு வரும்வரை அவன் அதை மனசுக்குள் பத்திரப்படுத்துகிறான் என்கிறார் ஆட்டிகஸ். இவளுக்கும் அந்த அவகாசம் கொடுங்கள்.

ஆனால் "எப்படிம்மா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பெண்ணுக்கு முகத்தின் வலப்பக்கம்தான் அடி; எதிரே நின்றவன் இடக்கையால் அடித்திருக்க வேண்டும். டாமின் இடக்கை சிறுவயதிலேயே பஞ்சு அரவை இயந்திரத்தில் சிக்கி முடமானது. அவளுடைய அப்பன்தான் இடக்கைக்காரன். ஜூரிகள் இதையெல்லாம் பார்த்தார்கள். சாட்சியைக் கேட்க உட்காருவதற்கு முன்பே அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஏன் அவளுக்கு உதவினாய் என்று அரசு வக்கீல் கேட்கும்போது, பாவமாக இருந்தது என்கிறான் டாம். அந்த இடத்தை மகளோடு உட்கார்ந்து மறுபடி படியுங்கள். குப்பைமேட்டின் அருகில் வாழும் அந்த ஏழை வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு, கறுப்பினத்தாருக்கு மேலே இருக்கிறோம் என்பது மட்டும்தான் சொத்து. ஒரு கறுப்பன் வெள்ளைக்காரிக்காக இரக்கப்பட்டால் அந்த மேல்-கீழ் வரிசையே குலைந்துபோகும். அதைத்தான் ஜூரிகளால் பொறுக்க முடியவில்லை. இத்தகைய வெறுப்பு எத்தனை ஆதாரம் காட்டினாலும் அசையாது என்பதை நானும் என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

"கதைதானே" என்ற பேச்சு இனி வேண்டாம் என்று அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். 1931-இல் அதே அலபாமாவில், ஸ்காட்ஸ்பரோ ஊரில், இரு வெள்ளைப் பெண்கள் தந்த பொய்ப் புகாரின்பேரில் 9 கறுப்பின இளைஞர்கள் மீது வழக்கு நடந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகள் முதல் விசாரணையிலேயே 8 பேருக்கு மரண தண்டனைக்கு வழிசெய்தார்கள்.

"எல்லாருமே இப்படித்தான்" என்றதற்காக அவளைக் கண்டிக்காதீர்கள். டாமின் முதலாளி லிங்க் டீஸ் நீதிமன்றத்தில் எழுந்து நின்று அவனுக்காகக் குரல் கொடுத்தாரே, அவரை என்ன சொல்வாய் என்று கேளுங்கள். அக்கம்பக்கத்து வதந்தியை நம்பி, வீட்டைவிட்டு வெளியே வராத பூ ராட்லியைப் பேயாக நினைத்து நடுங்கியது நல்ல மனசுள்ள ஜெம்மும் அவன் தங்கையும்தானே என்றும் கேளுங்கள். பதிலை அவளே தேடட்டும்.

ஒரு எச்சரிக்கை. சிறையிலிருந்து தப்ப முயலும்போது டாம் சுட்டுக் கொல்லப்படுகிறான். அந்தப் பக்கங்களை அவள் தனியாகப் படிக்க வேண்டாம்; கூடவே இருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடு, தூக்கம் சரியாகாமல் தோழிகளையும் ஒதுக்கினால் நேரில் அழைத்து வாருங்கள்.