விர்ச்சுவல் மெஷினை உடனே டெலீட் செய்யலாமா?

பிரைவேட் கிளவுடில் (ஒரே நிறுவனத்துக்கென்று இருக்கும் கிளவுடில்) யாரும் பயன்படுத்தாத விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினிகளை, உடனே அழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில் நெட்வொர்க்கை மட்டும் துண்டியுங்கள்; யாராவது புகார் சொன்னால் ஒரே கிளிக்கில் திரும்ப இணைத்துவிடலாம். ஒரு மாதமாவது அப்படியே இருக்கட்டும். மாதக் கடைசி இரவில் ஓடும் ஒரே ஒரு கிரான் வேலைக்காக (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிக்காக) உயிரோடிருந்த சர்வரை நான் பார்த்திருக்கிறேன். மற்ற நாளெல்லாம் சிபியு வரைபடம் தட்டையாகவே கிடந்தது.

அப்புறம் பேக்கப். எடுத்தால் போதாது, வேறிடத்தில் ரீஸ்டோர் செய்து பூட் ஆகிறதா என்று பாருங்கள்.

பலர் கோட்டை விடுவது, எந்த மெஷின் எதனுடன் இணையலாம் என்று சொல்லும் ஃபயர்வால் விதிகளில்தான். பழைய ஐபி முகவரி நாளை வேறொரு மெஷினுக்குப் போகும். அந்த முகவரியை டேட்டாபேஸுக்குள் விடும் விதியை நீக்காவிட்டால், டேட்டாபேஸ் அந்தப் புது மெஷினுக்கும் திறந்துவிடும். டிஎன்எஸ் பதிவு (மெஷினின் பெயரை ஐபியோடு இணைப்பது), சர்வீஸ் அக்கவுண்ட் (புரோகிராம்கள் பயன்படுத்தும் கணக்கு) எல்லாம் நீக்கிய பிறகே டெலீட். தனியாக மிஞ்சும் வால்யூம்கள் (மெஷினின் டிஸ்க்குகள்), ஸ்னாப்ஷாட்டுகளையும் (ஒரு நேரத்து நிலையின் பதிவுகளையும்) தேடி அழித்துவிடுங்கள்.